டயாலிசிஸைக் கூட்டினால் அழற்சி குறையுமா?

ஆத்தூர், ஓமலூர், ஏற்காடு என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், சேலத்தில் நான் வேலை பார்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தினர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “ஏனுங்க டாக்டர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பண்றதுக்குப் பதிலா தினமும் டயாலிசிஸ் போட்டா சீக்கிரம் தேறிருவாருங்களா?” இதை அறியாமையால் எழும் கேள்வி என்று ஒதுக்க முடியாது. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் உலகின் தேர்ந்த சிறுநீரக மருத்துவர்கள் பலரும் இதையேதான் நம்பினார்கள். அந்த நம்பிக்கை எப்படி எழுந்தது, எப்படி உடைந்தது என்பதை வாசலில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்ல முடிவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். நிரந்தரமாகச் சிறுநீரகம் பழுதடைந்து, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்து டயாலிசிஸ் செய்துகொண்டு வீடு திரும்புகிறவர்களைப் பற்றியதல்ல இந்தப் பதிவு. நேற்றுவரை நன்றாக இருந்த சிறுநீரகம் கடும் நோயின் நடுவே திடீரென நின்றுவிட்டவர்களைப் பற்றியது. எங்கள் பகுதியில் அப்படி வருகிறவர்களில், நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ தொடங்கிய தொற்று இரத்தம் முழுக்கப் பரவி, ‘செப்சிஸ்’ என்ற நிலைக்கு வந்தவர்கள் அதிகம். வயல் வேலையில் கண்ணாடி விரியன் தீண்டியவர்கள் உண்டு. எலிக்காய்ச்சல் கண்டவர்களும், புதர்க்காடுகளிலும் மலையடிவாரங்களிலும் நுண்ணிய உண்ணிப் பூச்சி கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் முற்றியவர்களும் உண்டு. ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் வேலை செய்கிறவருக்குக் காய்ச்சல் ஒரு வாரத்தைத் தாண்டிவிட்டால், அக்குளிலோ தொடையிடுக்கிலோ கருகிய சிறு புண் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது எங்களுக்குப் பழகிப்போன வேலை.

இந்த நோய்கள் காரணத்தால் வேறுபட்டாலும் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன. கிருமியையோ நஞ்சையோ எதிர்க்கப் புறப்பட்ட உடலின் பாதுகாப்பு அமைப்பு அளவு மீறிக் கிளர்ந்து, இரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கசியச் செய்து, இரத்த அழுத்தத்தைச் சரித்து, கடைசியில் தன் உறுப்புகளையே தாக்குகிறது. இதைத்தான் அழற்சி என்கிறோம். இதில் அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தூதுப் புரதங்களுக்குச் சைட்டோகைன் என்று பெயர். இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8, டி.என்.எஃப். ஆகியவை அவற்றுள் அதிகம் பேசப்படுபவை. சிறுநீரகம் நின்ற நோயாளிகளின் இரத்தத்தில் இவை எவ்வளவு உயர்ந்திருக்கின்றனவோ, அந்த அளவுக்கு அவர்கள் இறக்கும் வாய்ப்பும் கூடுகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியானால் டயாலிசிஸ் இயந்திரத்தால் யூரியாவை வடிப்பதுபோல் சைட்டோகைனையும் வடித்துவிட்டால் நோயாளி பிழைத்துக்கொள்வார் அல்லவா? இந்த எண்ணம் பார்வைக்கு அத்தனை ஒழுங்காக இருந்ததால்தான் பலரையும் கவர்ந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் டயாலிசிஸ் மூன்று விதமாக நடக்கிறது. நான்கு மணி நேரத்தில் முடியும் வழக்கமான முறை ஒன்று. இரத்த ஓட்டத்தைக் குறைத்து ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை மெதுவாக நடத்தும் ‘ஸ்லெட்’ முறை இரண்டாவது. இரவு பகலாக நிற்காமல் ஓடும் சி.ஆர்.ஆர்.டி. முறை மூன்றாவது. கடைசி முறையில் சிகிச்சையின் தீவிரத்தை, நோயாளியின் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிலிட்டர் வடிநீர் வெளியேறுகிறது என்று கணக்கிடுகிறோம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 25 மி.லி. என்று வைத்தால் ஒரு மணிக்கு ஒன்றரை லிட்டர், ஒரு நாளைக்கு 36 லிட்டர். அதையே 40 மி.லி. ஆக்கினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 58 லிட்டர். அத்தனையும் பைகளில் அடைத்து விற்கப்படும் திரவம் என்பதால் செலவும் அதற்கேற்ப ஏறும்.

2000ஆம் ஆண்டில் இத்தாலியின் விசென்சா நகரைச் சேர்ந்த கிளாடியோ ரோன்கோவும் அவருடைய குழுவினரும் 425 நோயாளிகளிடம் செய்த ஆய்வை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். 20, 35, 45 மி.லி. என்று மூன்று அளவுகளில் சிகிச்சை தந்தபோது, சிகிச்சையை நிறுத்திய பதினைந்தாம் நாளில் உயிரோடு இருந்தவர்கள் முறையே 41, 57, 58 சதவீதம். இரண்டு ஆண்டுகள் கழித்து ஜெர்மனியிலிருந்து ஷிஃபில் குழுவினர், தினமும் டயாலிசிஸ் செய்தவர்களில் 28 சதவீதமும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தவர்களில் 46 சதவீதமும் இறந்ததாக எழுதினார்கள். இப்படிப்பட்ட எண்களைப் பார்த்த பிறகு எந்த மருத்துவருக்குத்தான் அளவைக் கூட்டத் தோன்றாது? உலகெங்கும் பல மருத்துவமனைகளில் 35 மி.லி. என்பது எழுதாத விதிபோல ஆனது.

அடுத்து வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் அந்த விதியைக் கலைத்தன. அமெரிக்காவில் 1,124 நோயாளிகளிடம் நடந்து 2008இல் வெளியான ஏ.டி.என். ஆய்வில், ஒரு பிரிவினருக்கு வாரம் ஆறு நாள் டயாலிசிஸ் அல்லது 35 மி.லி. அளவில் தொடர் சிகிச்சையும், மற்றொரு பிரிவினருக்கு வாரம் மூன்று நாள் அல்லது 20 மி.லி. அளவிலும் தரப்பட்டது. அறுபது நாளில் இறந்தவர்கள் தீவிரப் பிரிவில் 53.6 சதவீதம், மற்றதில் 51.5 சதவீதம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஏறத்தாழ 1,500 பேரிடம் 40 மி.லி.யையும் 25 மி.லி.யையும் ஒப்பிட்டு 2009இல் வெளியான ‘ரீனல்’ ஆய்விலோ, தொண்ணூறாம் நாள் இறப்பு இரு பக்கமும் 44.7 சதவீதம், புள்ளிக்குப் பின்னால்கூட வேறுபாடு இல்லை. நோயாளியின் இரத்த அழுத்தத்தைப் பார்த்து வழக்கமான முறைக்கும் மெதுவான முறைக்கும் மாற்றிக்கொள்ள இடம் தந்தது என்பதால், இவ்விரண்டில் ஏ.டி.என். ஆய்வுதான் எங்கள் நடைமுறைக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. சேலம் போன்ற ஊரில் எல்லாருக்கும் சி.ஆர்.ஆர்.டி. கிடைப்பதில்லை, ஸ்லெட் முறைதான் பலருக்கும் கைகொடுக்கிறது.

இந்த அளவு போதாமல் இருந்திருக்கலாம், இன்னும் பல மடங்கு வடித்தால் சைட்டோகைன் இறங்கும் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். அதையும் சோதித்தாயிற்று. செப்சிஸ் முற்றி இரத்த அழுத்தம் சரிந்த ‘செப்சிஸ் அதிர்ச்சி’ நிலையோடு சிறுநீரகமும் பாதிக்கப்பட்டவர்களுக்கு 70 மி.லி. என்ற மிகப் பெரிய அளவை 35 மி.லி.யோடு ஒப்பிட்ட ‘ஐவோர்’ ஆய்வு, பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகளில் நடந்து 2013இல் வெளியானது. 460 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு 140 பேரோடு நின்றுபோன ஆய்வு என்பது அதன் குறை. ஆனாலும் இருபத்தெட்டாம் நாள் இறப்பில் அது எந்தப் பயனையும் காட்டவில்லை.

ஏன் பலிக்கவில்லை என்பதுதான் எனக்கு இதில் சுவையான பகுதி. யூரியாவின் மூலக்கூறு எடை 60 டால்டன், அதைப்போல் இன்னொரு கழிவான கிரியேட்டினின் 113. இவை டயாலிசிஸ் ஃபில்டருக்குள் இருக்கும் சவ்வின் நுண்துளைகளில் தடையின்றிப் புகுந்து வெளியேறுகின்றன. இன்டர்லூகின்-6 இருபதாயிரம் டால்டனுக்கும் மேல். மூன்று துண்டுகள் சேர்ந்த நிலையில் டி.என்.எஃப். ஐம்பதாயிரத்தையும் தாண்டும். வழக்கமான சவ்வு இவற்றைப் பெரும்பாலும் உள்ளேயே நிறுத்திவிடும். கொஞ்சம் போனாலும் சவ்வில் ஒட்டிக்கொண்டு போவதுதான், அதுவும் சில மணி நேரத்தில் சவ்வு நிரம்பியதும் நின்றுவிடும். அளவை இரட்டிப்பாக்கினால் யூரியாவுக்கு நடப்பது சைட்டோகைனுக்கு நடப்பதில்லை. அதோடு, சைட்டோகைன்களை உடலே மிக வேகமாக உற்பத்தி செய்து, மிக வேகமாகச் சிதைக்கவும் செய்கிறது. அந்த வரவு செலவின் முன்னால் இயந்திரம் எடுப்பது சிறு பங்கு. அடியில் விறகு எரிந்துகொண்டிருக்கும்போது பொங்கி வரும் பாலைக் கரண்டியால் அள்ளி எடுப்பதுபோலத்தான் இது. விறகை இழுக்க வேண்டும், அதாவது சீழ்க்கட்டியைத் திறக்க வேண்டும், சரியான நுண்ணுயிர்க்கொல்லியை உரிய நேரத்தில் தர வேண்டும், விரியன் கடிக்கு விஷமுறிவு மருந்தைத் தாமதமின்றிச் செலுத்த வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அழற்சியைத் தூண்டும் புரதங்களோடு அதை அடக்கும் புரதங்களும் அதே இரத்தத்தில்தான் ஓடுகின்றன; இன்டர்லூகின்-10 அவ்வகையானது. இயந்திரத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. ஏ.டி.என். ஆய்வில் சேர்ந்தவர்களின் இரத்த மாதிரிகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, இன்டர்லூகின்-6, 8 ஆகியவற்றோடு இன்டர்லூகின்-10 உயர்ந்திருந்தவர்களும் அதிகம் இறந்திருந்தார்கள். இன்டர்லூகின்-8, 18 உயர்ந்தவர்களுக்குச் சிறுநீரகம் மீள்வது தாமதமாகியிருந்தது. அழற்சியின் அளவு நோயின் போக்கை முன்கூட்டிக் காட்டுகிறது என்பது இதிலிருந்து தெளிவு. ஆனால் அதை வடித்துவிட்டால் போக்கு மாறும் என்பது வேறு கூற்று. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு நாம் எல்லாரும் மிக எளிதாகத் தாவிவிடுகிறோம்.

கூடுதல் டயாலிசிஸால் நன்மை இல்லை, போகட்டும், தீமையும் இல்லையே என்று சொல்லிவிட முடியாது. ரீனல் ஆய்வில் தீவிரப் பிரிவினரில் 65.1 சதவீதம் பேருக்கு இரத்தத்தில் பாஸ்பேட் குறைந்தது. மற்றவர்களில் 54 சதவீதம். பாஸ்பேட் சரிந்தால் மூச்சுத் தசைகள் தளர்ந்து, வென்டிலேட்டரிலிருந்து விடுவிப்பது தள்ளிப்போகலாம். ஏ.டி.என். ஆய்வில், மருந்து கொடுத்துத் தூக்கிப் பிடிக்க வேண்டிய அளவுக்கு இரத்த அழுத்தம் சரிந்தவர்கள் தீவிரப் பிரிவில் 14.4 சதவீதம், மற்றதில் 10 சதவீதம். ஏற்கெனவே அடிபட்டு மீளப் பார்க்கும் சிறுநீரகத்துக்கு ஒவ்வொரு சரிவும் ஒரு புது அடி. இரத்தம் உடலுக்கு வெளியே குழாய்களில் சுற்றுவதால் உடல் குளிர்ந்து, காய்ச்சல் மறைந்துபோவதும் உண்டு. புதிதாகத் தொற்று தொடங்கியிருப்பதை நாங்கள் கவனிக்கத் தவறக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் கவலைகொள்ள வைப்பது நுண்ணுயிர்க்கொல்லிகள்தான். மெரோபெனம், பிபெராசிலின் போன்ற மருந்துகளின் மூலக்கூறுகள் சிறியவை. அவை சைட்டோகைன்போல் சவ்வில் தடைபடுவதில்லை, தாராளமாக வெளியேறுகின்றன. வான்கோமைசின் சற்றுப் பெரியது. ஆனால் துளைகள் சற்றுப் பெரிதான இன்றைய உயர்கசிவுச் சவ்வுகள் அதையும் வெளியேற்றிவிடுகின்றன. ஆகவே அழற்சியைக் குறைப்பதற்கென்று வடிப்பைக் கூட்டும்போது, அழற்சிக் காரணிகள் உள்ளேயே இருக்க, அழற்சியின் மூலத்தை அழிக்கும் மருந்து வடிநீரோடு போய்விடும் விபரீதம் நிகழலாம். சிறுநீரகம் நின்றிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மருந்தின் அளவைக் குறைத்து எழுதிவிட்டு, இன்னொரு பக்கம் பத்து மணி நேரம் ஸ்லெட் ஓட்டினால், அன்றைய நாளின் பாதியை நோயாளி போதிய மருந்து இல்லாமலேயே கடப்பார். டயாலிசிஸ் முடிந்த பிறகு ஊசி போடுவதா, நடுவில் கூடுதலாக ஒரு வேளை போடுவதா என்ற கேள்வியை, இயந்திரத்தை எத்தனை மணி நேரம் ஓட்டுவது என்ற கேள்வியோடு ஒரே மூச்சில் முடிவு செய்ய வேண்டும்.

இயந்திரமே அழற்சிக்குக் காரணமாவதும் உண்டு. பழைய செல்லுலோஸ் சவ்வுகள் இரத்தத்தின் பாதுகாப்புப் புரதங்களைத் தூண்டிவிட்டன. இன்றைய செயற்கைச் சவ்வுகள் அந்த வகையில் சாதுவானவை. தண்ணீர் அப்படியல்ல. நிமிடத்துக்கு 500 மி.லி. வீதம் நான்கு மணி நேரம் ஓடும் ஒரு டயாலிசிஸில் நோயாளியின் இரத்தத்துக்கு எதிர்ப்புறமாக 120 லிட்டர் திரவம் கடந்து செல்கிறது. மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீரானாலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரானாலும் ஆர்.ஓ. சுத்திகரிப்பில் ஒரு பிசகு நேர்ந்தால், பாக்டீரியாவின் உயிரணுச் சுவரிலிருந்து உதிரும் என்டோடாக்சின் துணுக்குகள் சவ்வைக் கடந்து இரத்தத்தைத் தொடும். அப்போது அழற்சியைத் தணிக்க வைத்த இயந்திரம் அதற்குத் தீனி போடத் தொடங்கிவிடும். மிகத் தூய திரவத்தில் என்டோடாக்சின் மில்லிலிட்டருக்கு 0.03 அலகுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. கழுத்திலோ தொடையிலோ பொருத்தும் டயாலிசிஸ் குழாயும் கிருமிக்கு வாசல்தான். புதுச் சாதனங்களைப் பற்றிக் காட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கைத் தண்ணீர்ப் பரிசோதனையிலும் கை கழுவுவதிலும் காட்டலாம் என்று சொன்னால் கூட்டங்களில் யாரும் கைதட்டுவதில்லை.

புதுச் சாதனங்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அளவைக் கூட்டிப் பயனில்லை என்றானதும், சைட்டோகைனையோ என்டோடாக்சினையோ குறிவைத்து ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சுக் குப்பிகள் சந்தைக்கு வந்தன. என்டோடாக்சினை நீக்கும் பாலிமிக்சின் குப்பியை 450 பேரிடம் சோதித்த ‘யூஃப்ரேட்ஸ்’ ஆய்வு 2018இல் வெளியானது. இருபத்தெட்டாம் நாள் இறப்பில் மாற்றம் இல்லை. கோவிட் காலத்தில், நுரையீரலின் வேலையை இயந்திரம் செய்யும் எக்மோ சிகிச்சையில் இருந்த 34 பேரிடம் ஜெர்மனியில் நடந்த சிறு ஆய்வில், சைட்டோகைனை உறிஞ்சும் குப்பி பொருத்திய 17 பேரில் 3 பேரும், பொருத்தாத 17 பேரில் 13 பேரும் முப்பதாம் நாளில் உயிரோடு இருந்தார்கள். அத்தனை சிறிய ஆய்வை வைத்து இறுதித் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனாலும், நகையை அடகு வைத்தாவது அந்தக் குப்பியை வாங்கித் தருகிறோம் என்று ஒரு குடும்பம் முன்வரும்போது, இந்த எண்களை அவர்களிடம் சொல்லாமல் இருப்பது நேர்மையல்ல.

அப்படியானால் குறைத்துக்கொண்டே போகலாமா என்றால், அதுவும் கூடாது. ஷிஃபில் ஆய்வில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தவர்களுக்குக் கிடைத்த அளவே மிகக் குறைவு என்பதுதான் அந்தப் பெரிய வேறுபாட்டுக்குப் பலர் சொல்லும் விளக்கம். 2012இல் வந்த, கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேச சிறுநீரக மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதல், தொடர் சிகிச்சையில் 20 முதல் 25 மி.லி. நோயாளிக்கு உண்மையில் சென்று சேர வேண்டும் என்கிறது. ஃபில்டரில் இரத்தம் உறைந்து நிற்பது, ஸ்கேனுக்குக் கொண்டுபோவது, அறுவை அரங்குக்கு மாற்றுவது என்று இயந்திரம் நிற்கும் நேரங்கள் நிறைய உண்டு. ஆகவே காகிதத்தில் 25 முதல் 30 எழுதினால்தான் கையில் 20 முதல் 25 கிடைக்கும். ஸ்லெட் முறையிலும் இதே கதைதான்: எட்டு மணி நேரம் என்று எழுதி, அழுத்தம் சரிந்ததால் ஐந்து மணி நேரத்தில் நிறுத்தியதை எட்டு என்றே கணக்கில் வைத்திருந்தால் நோயாளி ஏமாற்றப்படுகிறார். பொட்டாசியம் ஏறினாலோ, அமிலம் மிகுந்தாலோ, நுரையீரலில் நீர் கோத்தாலோ, தினமும் செய்ய வேண்டியதுதான். அதற்கான காரணங்கள் இவை, அழற்சி அல்ல.

நீரை எடுக்கும் வேகத்திலும் இதே பாடம் கிடைக்கிறது. ரீனல் ஆய்வின் தரவுகளைப் பத்தாண்டுகள் கழித்து மறுபடி ஆராய்ந்தபோது, ஒரு கிலோவுக்கு ஒரு மணியில் 1.75 மி.லி.க்கு மேல் நீர் எடுக்கப்பட்டவர்கள் அதிகம் இறந்திருந்தார்கள். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது மணிக்கு 105 மி.லி. தான். இது பின்னோக்கிப் பார்த்துக் கண்ட தொடர்பு. காரணம் இதுவேதான் என்று நிறுவவில்லை. ஆனாலும் வீங்கிக் கிடக்கும் நோயாளியை ஒரே இரவில் வற்ற வைக்கப் பார்க்கும் அவசரத்தை அது என்னிடம் குறைத்திருக்கிறது.

இந்த ஆய்வுகள் எல்லாம் மேலை நாடுகளில் நடந்தவை என்ற மறுப்பை நான் மதிக்கிறேன். அவற்றில் சேர்ந்தவர்களின் சராசரி வயது அறுபதையொட்டி இருந்தது. நெல் வயலில் விரியன் கடித்த முப்பது வயதுக்காரருக்கும், பல உறுப்புகள் தளர்ந்த அறுபத்தைந்து வயதுக்காரருக்கும் ஒரே விடை பொருந்தும் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால் சவ்வின் துளைகளும் சைட்டோகைனின் பருமனும் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. கூட்டினால் நன்மை என்று சொல்கிறவர்தான் சான்று காட்ட வேண்டும்.

எவ்வளவு என்பதைப் போலவே எப்போது தொடங்குவது என்பதும் உறவினர்களை அலைக்கழிக்கும் கேள்வி. ஏறத்தாழ மூவாயிரம் பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஸ்டார்ட்-ஏ.கே.ஐ. ஆய்வில், அவசர நிலை வருமுன்னே டயாலிசிஸ் தொடங்கப்பட்டவர்களும் பொறுத்திருந்து தொடங்கப்பட்டவர்களும் தொண்ணூறு நாளில் ஏறக்குறைய சமமாகவே இறந்தார்கள்: 43.9 சதவீதமும் 43.7 சதவீதமும். ஆனால் பிழைத்தவர்களில் முன்கூட்டித் தொடங்கியவர்களில் 10.4 சதவீதம் பேர் அப்போதும் டயாலிசிஸை நம்பியே இருந்தார்கள். பொறுத்திருந்தவர்களில் 6 சதவீதம் பேர் மட்டுமே. “இன்னிக்கு வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம்” என்று மருத்துவர் சொன்னால், அதில் அலட்சியம் இருப்பதாக எண்ண வேண்டியதில்லை.

பிழைத்து வீடு போகிறவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றே: மூன்றாம் மாதம் கட்டாயம் வந்து கிரியேட்டினினையும் சிறுநீரில் புரதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீர் நன்றாகப் போகிறது, வலியில்லை என்பதால் பலர் வருவதில்லை. மலைக் கிராமங்களிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஒரு நாள் கூலியை விட்டு இறங்கி வருவது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். சேலம் வர முடியாதவர்கள், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் இந்த இரண்டு பரிசோதனைகளையும் செய்ய வசதி உண்டா என்று கேட்டு, அங்கேயே செய்துகொண்டு முடிவுகளை வீட்டில் யாராவது ஒருவர் வழியாக அனுப்பினாலும் போதும். அதுவரை மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைத் தொடவே கூடாது.